நூற்றுப் பதினான்கு ஆமா

"மூணு மணி நேரம் பத்து நிமிஷம், ஆசானே. அந்தம்மா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல."

படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் அருமைநாயகம் புகாரைச் சொல்லிவிட்டார்.

தில்ஷாத் திரும்பவில்லை. காதில் ஹெட்ஃபோன் மாட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். விரலை மட்டும் எடுத்து உதட்டில் வைத்தாள்.

அருமைநாயகம் வாயை மூடிக்கொண்டார்.

அவருக்கு அது புதுசு. முப்பத்தோரு வருஷம் புவியியல் வாத்தியாராக இருந்தவர். விரலை உதட்டில் வைப்பது அவர் வேலை, வாயை மூடுவது மற்றவர்கள் வேலை. போன வருஷம் அரசாங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் வாய்க்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

ஓய்வு பெற்றவர்களில் சிலர் நடைப்பயிற்சி போகிறார்கள். சிலர் அடுக்குமாடிச் சங்கத்துக்குச் செயலாளராகி எல்லாரையும் படுத்துகிறார்கள். இவர் யூடியூபில் ஒரு சேனல் ஆரம்பித்தார். பாடுகிறவர்களையும் வாசிக்கிறவர்களையும் உட்காரவைத்து மூன்று மணி நேரம் பேட்டி. முதல் அரை மணியில் பெருமை பேசுவார்கள், ஒரு மணிக்கு மேல் களைத்துப் போவார்கள், களைத்த பிறகுதான் உண்மை வரும் என்பது அவருடைய சித்தாந்தம்.

கேமரா, மைக், எடிட்டிங் எல்லாம் தில்ஷாத். சாலிகிராமத்தில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய எடிட்டிங் அறை. வயது முப்பத்திரண்டு. ஒன்பதாம் வகுப்பில் அவரிடம் படித்தவள், கடைசி பெஞ்ச். இப்போது அவர் அவளிடம் எடிட்டிங் படிக்கிறார். அதனால் 'ஆசானே' என்று கூப்பிடுவார். முதலில் கிண்டலுக்குத்தான் ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் கிண்டல் தேய்ந்து, பெயர் நின்றுவிட்டது.

தில்ஷாத் ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"இப்ப சொல்லுங்க சார்."

"ஒண்ணுமே சொல்லல."

"யாரு?"

"லொரைன்தான்! வேற யாரு?"

*

லொரைன் யார் என்று பெரம்பூரில் போய்க் கேட்டுப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுச் சொல்வார்கள்.

கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவரின் மகள். இருபத்து நாலு வயதில், தம்பி நோயலை டிரம்ஸில் உட்காரவைத்து, 'பச்சைக்கொடி' என்று ஒரு ராக் குழு ஆரம்பித்தார். கிட்டாரும் அவர்தான், பாட்டும் அவர்தான். தமிழில் ராக் எடுபடுமா என்று கேட்டவர்கள் எல்லாம், அவர் கிட்டாரைத் தோளில் மாட்டியதும் கேள்வியை மறந்துபோனார்கள்.

அந்தக் குழுவின் முதல் கேஸட் வந்தபோது அருமைநாயகத்துக்கு முப்பத்து மூன்று வயது. நாசரேத்திலிருந்து வேலைக்காகப் பட்டணம் வந்து, மேன்ஷன் அறையில் தனியாகக் கிடந்த காலம். அந்தக் கேஸட்டில் கடைசிப் பாட்டு 'கடைசிப் பெட்டி'. ரயிலின் கடைசிப் பெட்டியில்தானே கார்டு இருப்பார்? லொரைன் தன் அப்பாவைப் பற்றி எழுதிய பாட்டு. அதைப் பதிவு செய்த வருஷம்தான் அந்த அப்பா இறந்துபோயிருந்தார்.

*கடைசிப் பெட்டியில விளக்கு எரியுது,*
*யாரோ...*

அங்கே குரல் நின்றுவிடும். அந்த வரியை லொரைன் முடிக்கவே மாட்டார். அதற்கப்புறம் இரண்டு நிமிஷம் கிட்டார் தனியாக வாசிக்கும் சோலோ. மற்ற பாட்டில் எல்லாம் தீப்பொறி பறக்கவிடுகிற கை, அங்கே மட்டும் நாலே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப, மெதுவாக, பயந்து பயந்து வாசிக்கும். பாட்டு முடிந்துவிடும்.

முதல் தடவை அதைக் கேட்டபோது அருமைநாயகம் அழுதார். மேன்ஷன் அறையில், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், வாய்விட்டே அழுதார். அன்றிலிருந்து அந்த இரண்டு நிமிஷம் அவருடையது. கிட்டார் வாசிக்கும், இவர் கூடவே பாடுவார். முடியாத வரியை நாம் முடித்துக்கொள்ளலாம் அல்லவா? இருபத்தெட்டு வருஷத்தில் நூறு விதமாக முடித்திருக்கிறார்.

பாட்டைக் கேட்டுப் பிடித்துப் போனவர்தான். ஆனால் பேட்டிகளைப் பார்த்துத்தான் அந்த மனுஷியின் மேல் மாறாத பிரியம் வந்தது. லொரைன் கொடுத்த பேட்டிகள் இணையத்தில் மொத்தம் அறுபத்தொரு மணி நேரம் கிடக்கின்றன. ஒரு நிமிஷம் விடவில்லை. ஒன்றில் லொரைன் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டே நாற்பது நிமிஷம் பேசுகிறார். கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, அப்பாவின் சாப்பாட்டுக் கேரியர் ரயில் ஆட்டத்தில் போட்ட தாளத்தைப் பற்றியே பேச்சு. அதை அருமைநாயகம் பதினேழு தடவை பார்த்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் நானூறு பக்க நோட்டில் குறிப்பு உண்டு. எந்த வருஷம் எந்தக் கிட்டார், எந்த மேடையில் எந்தக் கம்பி அறுந்தது, எந்தக் கேள்விக்குச் சிரித்துவிட்டு அப்புறம் பதில் சொன்னார், எல்லாம்.

தம்பி நோயல் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு லொரைன் பாடவில்லை, பேட்டியும் கொடுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டில், பெர்த் நகரத்தில் இருக்கிற மகளிடம் ஒரேயடியாகப் போகிறார். போவதற்கு முன் ஒரே ஒரு பேட்டிக்குச் சம்மதித்தார். அது அருமைநாயகத்துக்கு.

அந்தப் பேட்டி சனிக்கிழமை முடிந்தது. இன்று திங்கள். வெள்ளிக்கிழமை காலை இன்னும் ஒரு மணி நேரம் தருவதாக லொரைன் சொல்லியிருக்கிறார். அப்புறம் கிடையாது.

*

"முப்பது வருஷம் ஆசப்பட்டது, ஆசானே," என்றார் அருமைநாயகம். "ஊர்ல உள்ளவன்கிட்ட எல்லாம் பேசினாங்க. எங்கிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லல. நான் என்ன பாவம் பண்ணேன்?"

குரல் உடைந்தது. அவர் அதை இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்.

தில்ஷாத் அவர் முன்னால் கம்ப்யூட்டரைத் தள்ளினாள்.

"உங்க குரல் வர்ற இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துருங்க சார். மிச்சத்தக் கொண்டாங்க."

"என் கேள்வி இல்லாம அவங்க பதில் எப்படிம்மா புரியும்?"

தில்ஷாத் ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

*

மறுநாள் மத்தியானம் வேலையை முடித்தார். முகம் சுண்டிப் போயிருந்தது.

"எவ்வளவு வந்துச்சு?"

"பத்தொன்பது நிமிஷம்."

"மூணு மணி பத்து நிமிஷத்துல."

"மைக்ல ஏதாச்சும் கோளாறு..."

தில்ஷாத் அவரைப் பார்த்தாள்.

"கோளாறு இல்ல," என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அவள் அந்தப் பத்தொன்பது நிமிஷத்தை ஓடவிட்டாள். திரையில் லொரைன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலில் முதுகை நிமிர்த்தி. போகப் போகச் சாய்ந்து.

"ஆமா."

"ஆமா சார்."

"காபி எடுத்துக்குங்க, ஆறுது."

"ஆமா, மூணாவது கம்பிதான்."

"ஐயோ, அதுகூடத் தெரியுமா உங்களுக்கு?"

"ஆமா ஆமா."

"ஃபேன் ஜாஸ்தி பண்ணவா?"

"ஆமா."

அருமைநாயகத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கவனிப்பது போல் உட்கார்ந்திருந்தார்.

அவர் கேள்வி கேட்ட லட்சணம் அப்படி. வகுப்பில் கேட்டே பழகிய வாய். 'காவேரி எங்க பொறக்குது? குட...?' என்று இழுப்பார். 'குடகு!' என்று நாற்பது குரல் வரும். அதே ராகத்தில்தான் லொரைனிடமும் கேட்டிருந்தார். 'அன்னைக்கு மேடையில மழை வந்துடுச்சு. கூட்டம் கலையல. நீங்க செருப்பக் கழட்டிட்டு வெறுங்காலோட நின்னு வாசிச்சீங்க. கரெக்டா?' கதை முழுதையும் அவரே சொல்லி முடித்துவிட்டால் லொரைன் என்ன செய்வார், பாவம். ஆமா என்றார்.

பாவம் அருமைநாயகமும்தான். ஒருவர் மேல் உயிரையே வைத்திருந்தால், அவரைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் அவரிடமே கொட்டிவிடத் தோன்றுகிறது. அவ்வளவும் படித்து வைத்திருந்தார். காட்டாமல் இருக்க முடியவில்லை.

"அசிங்கமா இருக்கு, ஆசானே."

"ஆமாவ மட்டும் தனியா எடுத்து, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ஒட்டுங்க."

"அது வேறயா? எதுக்கு?"

"எண்ணிச் சொல்லுங்க."

சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒட்டினார்.

"நூத்திப் பதினாலு," என்றார்.

"எத்தன விதம்?"

"ஆமாவுல என்னம்மா விதம்? எல்லாம் ஒரே ஆமாதான்."

தில்ஷாத் அதை அவருடைய ஃபோனில் ஏற்றிக் கையில் கொடுத்தாள்.

"வீட்டுக்குப் போய்க் கேளுங்க. கேக்கறப்ப பேசாதீங்க."

"தனியா ஒக்காந்து யாருகிட்டப் பேசப் போறேன்?"

"நீங்க பேசுவீங்க சார்."

*

புதன்கிழமை காலையிலிருந்து கேட்டார்.

முதல் தடவை எரிச்சல் வந்தது. இரண்டாவது தடவை, 'அட, இதுல என்ன இருக்கு?' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை தூக்கம் வந்தது.

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, ஒரு ஆமாவின் ஓரத்தில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருப்பது கேட்டது. இன்னொன்றில் கடிகாரத்தை எட்டிப் பார்த்த அவசரம். ஒன்றில் தலைவலி. ஒன்றில், 'இவ்வளவு ஆசையாச் சொல்றாரே, போகட்டும்' என்கிற இரக்கம். அந்த இரக்கம் நிறைய இடத்தில் இருந்தது. அதைக் கேட்கத்தான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் கனகமணி சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் மனைவி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்.

சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். வாசனை ஆளைத் தூக்கியது.

"பூண்டுக் குழம்புன்னா இதுதான் பூண்டுக் குழம்பு. உனக்கும் இதுன்னா உசுராச்சே!"

"ஆமா," என்றாள் கனகமணி.

அருமைநாயகம் பிசைந்த கையோடு நிமிர்ந்தார்.

அந்த ஆமாவை அவருக்குத் தெரியும். காலையிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வழக்கமாக அடுத்தும் அவர்தான் பேசுவார். பேசவில்லை. கனகமணி கையில் கரண்டியோடு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க, நெஞ்சு கிஞ்சு வலிக்கா?"

இல்லை என்று தலையாட்டினார். அப்போதும் பேசவில்லை.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"எனக்குப் பூண்டே ஆவாது," என்றாள்.

"என்னது?"

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்க வீட்டுல பூண்டுக் குழம்பு வச்சிருந்துச்சு. 'உனக்கும் பூண்டுக் குழம்புன்னா உசுரு, அப்படித்தானே?'ன்னு கேட்டீங்க. மொத்த சனமும் என் மொகத்தையே பாத்துட்டு இருக்கு. ஆமான்னுட்டேன்."

"இருபத்தாறு வருஷமாவா?"

"நீங்க ஆசையாச் சாப்பிட்டீங்க." அவள் சிரித்தாள். "அதனால என்ன இப்ப? நான் ரசத்த ஊத்திக்குவேன்."

பூண்டுக் குழம்பு வைக்கிற நாளெல்லாம் அவள் ரசம் ஊற்றித்தான் சாப்பிடுகிறாள் என்பது அருமைநாயகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனைக்கும் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறார். நெஞ்சு வலிக்கவில்லை என்று சற்று முன் தலையாட்டியது இப்போது பொய்யாகிவிட்டது.

"உனக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று கேட்டார்.

கனகமணி பதில் சொல்ல வாயெடுத்தாள். நிறுத்தினாள். மேலே பார்த்தாள்.

"இருங்க, யோசிக்கணும்," என்றாள்.

அவர் இருந்தார். சோறு ஆறிப்போனது. அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

*

வியாழக்கிழமை படியேறியதும் சொன்னார்.

"எழுபத்தொண்ணு."

தில்ஷாத் முதல் தடவையாக நாற்காலியை முழுசாகத் திருப்பி உட்கார்ந்தாள்.

"போடுங்க."

எழுபதாவது ஆமா வந்தது. சாதாரண ஆமா. அடுத்து ஒரு மூச்சு. மூச்சுக்கப்புறம் ஒரு சின்ன இடைவெளி.

"...ஆமா."

மற்ற நூற்றுப் பதின்மூன்றும் தரையில் நடந்து போயின. இது ஒன்று மட்டும், இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாமல் தடுமாறியது.

"அந்த எடத்துல நீங்க என்ன கேட்டீங்க சார்?"

தன் கேள்வியை அவர் மறக்கவில்லை. ஒப்பித்தார்.

"'கடைசிப் பெட்டி பாடறப்ப, யாரோங்கிற வார்த்தையில உங்க அப்பா ஞாபகம் வந்து தொண்ட அடச்சுப்போச்சு. பாட முடியல. அழுதுக்கிட்டேதான் அந்த சோலோவ வாசிச்சீங்க. அதனாலதான் அதுல நாலே சுரம். இல்லையா?'"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். எட்டு பேட்டியில சொல்லிருக்காங்களே."

"சொல்லிருக்காங்களா?"

அருமைநாயகம் நோட்டைப் புரட்டினார். எட்டு இடத்திலும் பச்சை மையில் கோடு போட்டிருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அழுதுவிட்டீர்களா என்று கேட்டவர் கேட்டிருந்தார். ஆமா என்று லொரைன் சொல்லியிருந்தார். எட்டிலும் அதேதான். ஒன்றில்கூட லொரைன் அதைத் தன் வாயால் சொல்லவில்லை.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு எப்படிக் கேக்கணும், ஆசானே? சொல்லிக்குடு."

இந்தத் தடவை அந்தப் பெயரில் கிண்டல் துளியும் இல்லை. தில்ஷாத்துக்கும் அது கேட்டது.

"ஒன்பதாவதுல ஒரு நாள் நீங்க பருவமழை பாடம் எடுத்தீங்க," என்றாள். "'மழை வரப்போகுதுன்னு எப்படித் தெரியும்?'னு கேட்டீங்க. நான் எழுந்து நின்னேன். ஞாபகம் இருக்கா?"

"இல்லையேம்மா."

"வகுப்புல நானா எழுந்து நின்னது அந்த ஒரே தடவதான் சார். நீங்க 'காற்றழுத்தத் தாழ்வு மண்...?'னு இழுத்தீங்க. எல்லாரும் 'மண்டலம்'னு கத்தினாங்க. நான் உக்காந்துட்டேன்."

அருமைநாயகம் அந்த வகுப்பை நினைவில் தேடினார். நாற்பது முகங்கள் நினைவுக்கு வந்தன. எழுந்து நின்ற அந்த ஒரு பெண் மட்டும் வரவில்லை.

"நீ என்னம்மா சொல்ல வந்தே?"

கேட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தையல் மெஷின் நின்றது. மறுபடி ஓடியது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சத்தம் மாறும் சார்," என்றாள் தில்ஷாத். "மழைக்கு முன்னாடி தெருவோட சத்தமே மாறிடும். அதத்தான் சொல்ல வந்தேன்."

பதினெட்டு வருஷம் கழித்துச் சொன்னதாலோ என்னவோ, அவள் கண் கலங்கியிருந்தது. சிரித்துக்கொண்டே துடைத்தாள். அவர் மடியிலிருந்த நானூறு பக்க நோட்டை எடுத்து, தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

"நாளைக்கும் இப்படியே கேளுங்க."

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பெரம்பூரில் லொரைன் வீடு முக்கால்வாசி காலியாகியிருந்தது. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு நாற்காலிகள். ஓரமாகக் கிட்டார் பெட்டி, விமானத்துக்காகக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தது.

தில்ஷாத் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினாள். லொரைனுக்கு மைக் மாட்டினாள். ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"சார், உங்க நோட்டு எங்க?" என்று கேட்டார் லொரைன்.

"ஆசான் பிடுங்கி வச்சுக்கிட்டாங்கம்மா."

லொரைன் தில்ஷாத்தைத் திரும்பிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். சனிக்கிழமை மூன்று மணி நேரத்தில் வராத சிரிப்பு.

அருமைநாயகம் கையைக் கட்டிக்கொண்டார்.

"'யாரோ'ன்னு பாடிட்டு நிறுத்திட்டீங்க. ஏன்?"

கேள்வி அவ்வளவுதான்.

லொரைன் சிரிப்பு மெல்ல அடங்கியது. வழக்கம்போல அடுத்து ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

அருமைநாயகத்தின் நாக்கு நுனிக்கு 'அப்பா ஞாபகமா?' வந்து நின்றது. விழுங்கினார். 'கஷ்டமா இருந்தா வேண்டாம்மா, விட்டுடலாம்' என்று இன்னொன்று வந்தது. நல்லவன் வேஷம் போட்டுக்கொண்டு வந்ததால், அதை விழுங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. அதையும் விழுங்கினார்.

ஒரு மின்சார ரயில் போனது. வீடு லேசாக அதிர்ந்து அடங்கியது. லொரைன் சுவரில் ஒரு வெள்ளைச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கை விரல்கள் நாற்காலியின் கைப்பிடியில் எதையோ அழுத்தி அழுத்தி எடுத்தன. நாலு இடம். திரும்பத் திரும்ப அதே நாலு இடம். அருமைநாயகம் பார்த்துவிட்டார். பார்த்ததைச் சொல்லவில்லை.

"இல்ல," என்றார் லொரைன்.

அறுபத்தொரு மணி நேரத்தில் இந்தப் பாட்டைப் பற்றி லொரைன் அந்த வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டதே கிடையாது.

"அப்பாவ நெனச்சு இல்ல சார். நான் அழல."

அவர் காத்திருந்தார்.

"நோயல் பாடினான்."

லொரைன் சுவரிலிருந்து பார்வையை எடுத்தார்.

"என் தம்பிக்குத் திக்கும். ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப 'பிரசென்ட்'னு சொல்ல அவனுக்கு அரை நிமிஷம் ஆகும். மிஸ்ஸுக்குப் பொறுமை கெடயாது. அவனுக்கும் சேத்து அவங்களே சொல்லிடுவாங்க."

அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"போகப் போகப் பேசறதையே விட்டுட்டான். எதக் கேட்டாலும் டிரம்ஸ்ல தட்டிக் காட்டுவான். அன்னைக்கு ரெக்கார்டிங்ல நான் 'யாரோ'ன்னு எடுத்தேன். பின்னாடி ஒரு கொரல். அந்த வரியோட மிச்சத்த அவன் பாடறான் சார். என் தம்பி பாடறான். ஒரு எழுத்துகூடத் திக்கல."

லொரைன் கையைக் காட்டினார். இருபத்தெட்டு வருஷம் கழித்தும் முழங்கை வரை சிலிர்த்திருந்தது.

"நான் பாடினா நிறுத்திடுவான். திரும்பிப் பாத்தா நிறுத்திடுவான். கிட்டார நிறுத்தினாலும் நிறுத்திடுவான். அதான், நாலே நாலு நோட்ஸ் வச்சுக்கிட்டு, மெதுவா... அவன் முடிக்கற வரைக்கும்..."

முடிக்க முடியவில்லை. அருமைநாயகம் முடித்து வைக்கவில்லை. லொரைன் தண்ணீர் குடித்தார்.

"மொத பேட்டியில அவனும் பக்கத்துல இருந்தான். பேட்டி எடுத்தவர் 'அழுதுட்டீங்களா?'ன்னு கேட்டார். நோயல் என்னையே பாத்தான், சொல்லிடாதேங்கற மாதிரி. ஆமான்னுட்டேன். அப்புறம் எல்லாரும் அப்படியே கேட்டாங்க. ஏன் நிறுத்தினேன்னு யாரும் கேக்கல."

லொரைன் தம்ளரைக் கீழே வைத்தார். "அவன் போனப்புறம் நானே சொல்லலாம்னு பாத்தேன். வாய் வரல. ஊரே அத சோலோங்குது. அந்த மாதிரி ஒரு சோலோவ யாரும் வாசிச்சதில்லன்னு எழுதறாங்க. அது சோலோவே இல்ல சார். அவன் பாடினான். நான் கூட வாசிச்சேன்."

கயிறு கட்டிய கிட்டார் பெட்டியை ஒரு தடவை பார்த்தார்.

"கேஸட்லயே இருக்கு," என்றார் லொரைன். "டிரம்ஸ் மைக்ல லேசா விழுந்திருக்கு. எங்க ரெண்டு பேரத் தவிர யாரும் கவனிச்சதில்ல."

இருக்காதே என்றுதான் அருமைநாயகத்துக்கு முதலில் தோன்றியது. ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. இருந்திருந்தால் அவருக்குத் தெரியாமல் போயிருக்குமா?

அப்புறம் நினைவு வந்தது. அந்த இரண்டு நிமிஷமும், ஆயிரம் தடவையும், அவர் பாடிக்கொண்டிருந்தார்.

தில்ஷாத் எழுந்து வந்தாள். தன் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் காதில் வைத்தாள். ஃபோனில் பாட்டைப் போட்டுவிட்டு, பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

அருமைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

*கடைசிப் பெட்டியில விளக்கு எரியுது,*
*யாரோ...*

நாலு சுரம் ஆரம்பித்தது. பழக்கத்தில் தொண்டை தானாக எழும்பியது. பல்லைக் கடித்து அடக்கினார். டிரம்ஸின் மெல்லிய உரசல் கேட்டது. அதற்கும் கீழே, அடுத்த அறையில் யாரோ தனக்குத் தானே பாடிக்கொள்வது போல, ஒரு சின்னப் பையனின் குரல் என்று சொல்லிவிடலாம் போன்ற ஒரு குரல். ஒரு வார்த்தை. இன்னொரு வார்த்தை.

கன்னத்தில் தண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை.

"சார்," என்றார் லொரைன். "கேக்குதா?"

அருமைநாயகம் கண்ணைத் திறக்கவில்லை. விரலை எடுத்து உதட்டில் வைத்தார்.